ரிசல்ட் வந்த அன்னைக்கு புள்ளகிட்ட என்ன பேசுறது?

இலங்கையில அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்ச ரிசல்ட் வர்ற நேரமானா எங்க ஹட்டன் தேயிலத் தோட்டத்துப் பக்கம் லயத்துக்கு லயம், அதான் தொழிலாளிங்களோட வரிச வீடுங்க, ஒரே கேள்விதான், "ஒங்க புள்ளைக்கு எத்தன?" பத்து வயசுப் புள்ள, ரெண்டு பேப்பர், 200 மார்க், தெரிவாகுறதுக்கு வேணும்னு வைக்கிற வெட்டுப்புள்ளிக்கு கீழ போயிட்டா வீடே துக்க வீடாயிடுது. நான் தோட்டத்து ஸ்கூல்ல அஞ்சாம் வகுப்பு எடுக்குறேன், இத எழுதியே ஆகணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.

போன தடவ ஒரு புள்ள, நல்லா படிக்கிற புள்ள, 118 வாங்குனிச்சு. பைப்படியில தண்ணி புடிக்க நின்ன அத்தன பேர் முன்னாலயும் அம்மா கேக்குறாங்க, "இதுக்கா மாசாமாசம் டியூசனுக்கு காசு கட்டுனேன், மக்கு". அந்தப் புள்ள அழல. கொடம் நெறஞ்சு வழியுது, பைப்ப மூடாம கைய தண்ணிக்குள்ளயே வச்சுக்கிட்டு நிக்குது.

அந்த அம்மா கெட்டவங்க இல்ல. விடியக்காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்கு போயி, மழையில கொழுந்தெடுத்து, கிலோ கொறஞ்சா அரைப் பேரும், அதான் பாதி நாள் சம்பளம், வாங்கி, நிறுக்குற எடத்துல நாலு பேர் முன்னால ஏச்சும் கேட்டுட்டு வர்றவங்க. அதத்தான் நான் சொன்னேன், "அக்கா, கங்காணி எல்லார் முன்னாலயும் ஏசுனா ஒங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா, புள்ளைக்கும் அப்பிடித்தானே". "எங்கள மாதிரி இந்த மலையில கெடந்து கஷ்டப்படக் கூடாதுன்னு தானே டீச்சர் சொல்றேன்"னாங்க. அந்த ஆச எனக்கு புரியுது, ஆனா புள்ள காதுல விழுந்தது மக்குங்கிறது மட்டும்தான். மொதல்ல வீட்டுக்குள்ள கூட்டிட்டு போயி ஒரு டீய ஊத்திக் குடுத்துட்டு, கவலையா இருக்கான்னு கேளுங்க, மார்க் பேச்சு நாளைக்கு பேசிக்கலாம். அடிச்சா படிக்கும்னு சொல்றவங்களுக்கு, ஸ்கூல்லயே அடிக்கக் கூடாதுன்னு கல்வி அமைச்சு 2005லயே சுற்றறிக்கை போட்டாச்சு.

பாராட்டுறதுலயும் விசயம் இருக்கு. 1998ல அமெரிக்காவுல முல்லர், ட்வெக்னு ரெண்டு பேர் அஞ்சாம் வகுப்பு புள்ளைங்கள வச்சே ஆராய்ச்சி செஞ்சாங்க. கொஞ்சப் பேர கெட்டிக்காரங்கன்னு பாராட்டுனாங்க, கொஞ்சப் பேர நல்லா முயற்சி பண்ணுனீங்கன்னு பாராட்டுனாங்க, அப்புறம் கஷ்டமான புதிர் குடுத்தாங்க. கெட்டிக்காரங்கன்னு கேட்ட புள்ளைங்க தோத்ததும் சோர்ந்து, அடுத்து குடுத்த லேசான புதிர்லயும் கீழ போயிட்டாங்க, மத்தவங்க முன்னவிட நல்லா செஞ்சாங்க. அதனால "என் புள்ள பிரில்லியன்ட்"ங்கிறத விட "பின்னக் கணக்கு ஒனக்கு வரவே இல்ல, இப்ப நீயா போடுற, நான் பாத்தேன்"னு சொல்லுங்க. எழுத்து தெரியாதே டீச்சர்னு சொல்ற அம்மாங்க நெறைய. கொப்பிய தொறந்து இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு எனக்கு சொல்லிக் குடுன்னு கேளுங்க, அதுக்கு படிப்பு வேணாம், அம்மாவுக்கே சொல்லிக் குடுக்குறோம்னு புள்ளைக்கு ஒரு தெம்பு வரும் பாருங்க.

சவூதி, குவைத்ல இருக்கிற அம்மாங்களும் கொழும்புல கடையில நிக்கிற அப்பாங்களும் கோல் எடுத்ததும் மார்க் தான் கேக்குறாங்க, புள்ள ஃபோன அம்மாயிகிட்ட குடுத்துட்டு ஓடிடுது. இன்னைக்கு யாரோட வெளாண்ட, எதுக்கு கோவம் வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. அழுதா உடனே அழாதன்னு சொல்லாதீங்க, அம்மா இல்லாம கஷ்டமா இருக்கான்னு கேளுங்க, அழட்டும், லைன்லயே இருங்க, நாளைக்கு எடுக்குறேன்னு சொன்னா கட்டாயம் எடுங்க.