இருபது ஆட்டம் ஆடியாச்சா?

போன சனிக்கிழமை மதியம் அக்கா மகள் என் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில், ரேட்டிங் (ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண்) 1700க்கு உட்பட்டவர்களுக்கான பிளிட்ஸ் போட்டி, அதாவது சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டப் போட்டி, தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. உள்ளே சேரத்தான் முடியவில்லை. "மாமா, நான் 1700க்கு ரொம்பக் கீழதானே இருக்கேன்? ஏன் விட மாட்டேங்குது?" என்றாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை, முகம் வாடிவிட்டது.

நிபந்தனைகளை அப்போதுதான் இருவரும் வாசித்தோம். ரேட்டிங் 1700க்குள் இருந்தால் மட்டும் போதாது, ரேட்டிங்கில் சேரும் பிளிட்ஸ் ஆட்டங்கள் 20 ஆவது ஆடியிருக்க வேண்டும். அவள் ஆடியது 13. தினமும் ராத்திரி என்னோடு ஆடியதெல்லாம் ரேட்டிங் இல்லாத ஆட்டங்கள். பத்து நிமிட ஆட்டங்கள் நாற்பதுக்கு மேல் ஆடியிருக்கிறாள், அவை ரேபிட் என்ற, பிளிட்ஸைவிடச் சற்று நீண்ட ஆட்டங்களின் கணக்கில் போய்விட்டன.

அவளுக்குக் கோபம். எனக்கு அந்த விதி சரியென்றே பட்டது. அங்கே புதுக் கணக்கு எல்லாருக்கும் 1500இல்தான் தொடங்கும், பக்கத்தில், எண் இன்னும் உறுதியாகவில்லை என்று காட்டும் ஒரு கேள்விக்குறியோடு. கைதேர்ந்த ஒருவர் புதுப் பெயரில் வந்து உட்கார்ந்தால், இவளைப் போன்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இருபது ஆட்டத்தில் ஒருவரின் பலம் ஓரளவு தெரிந்துவிடும். இன்றைய ரேட்டிங்கோடு கடந்த ஒரு வாரத்தில் தொட்ட உச்சத்தையும் பார்க்கிறார்கள். வேண்டுமென்றே நாலு ஆட்டம் தோற்று ரேட்டிங்கை இறக்கிக்கொண்டு வர முடியாது.

எனக்கு மனம் ஆறாதது வேறொன்று. இரண்டு மாதம் முன்பு, பரிசுப் பணம் உள்ள ஓர் ஆன்லைன் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தோம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் எண் கேட்டார்கள், இருந்தது. ஜனவரி 1க்கு முன் 13 வயது நிறைந்திருக்கக் கூடாது என்றார்கள், பிறப்புச் சான்றிதழ் அனுப்பினோம். கட்டணமும் கட்டியாயிற்று. முதல் நாள் ராத்திரிதான் தகவல் வந்தது: ஆடுவதற்கு ஒரு கணினி, அது போக ஸூமில் சேர்ந்து பக்கவாட்டிலிருந்து திரையையும் கையையும் காட்ட ஒரு போன். அக்கா வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அத்தான் வேலைக்குக் கொண்டுபோவது.

கேமரா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் இன்னொரு போனில் எஞ்சினை, அதாவது நல்ல நகர்வைச் சொல்லித்தரும் செஸ் மென்பொருளை, ஓடவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அதைக் கட்டணம் வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டும். நான் லீவு போட்டு, என் லேப்டாப்பையும் போனையும் கொண்டுபோய், போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்தேன். மாமன் பக்கத்துத் தெருவில் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? நான்காவது சுற்றில் நெட் போனது. நேரம் தீர்ந்து தோற்றாள், முறையிட வழியில்லை என்றார்கள்.

2020 ஆகஸ்டில், நாட்டு அணிகள் மோதும் ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதிப் போட்டியிலும் இந்திய அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. இந்தியா முறையிட்டது, கடைசியில் இந்தியாவும் ரஷ்யாவும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. நாட்டு அணிக்குக் கிடைத்த அந்தக் காது கொடுத்தல் ஒரு சிறுமிக்கும் கிடைக்க வேண்டாமா?

நடத்துபவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: எத்தனை கருவி வேண்டும், நெட் போனால் என்ன முடிவு என்ற இரண்டையும் கட்டணத்துக்கு மேலே எழுதுங்கள்.

சனிக்கிழமை விட்டுப்போன ஏழு ஆட்டங்களை அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று நின்றாள். சாப்பிட்டுவிட்டு ஆடு என்றேன். மூன்று வெற்றி, நாலு தோல்வி. இருபதாவது முடிந்ததும் அடுத்த போட்டி எத்தனை மணிக்கு என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள்.