28 கிலோ ஹெட்டுக்கு 20 கிலோ கல்

கோவை கணபதியில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நான் கட்டிய மில்லிங் மெஷின் (சுழலும் டூலால் உலோகத்தைச் செதுக்குவது) ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரம். ஒரு பள்ளம் முடிந்து, டூலை மேலே தூக்கி அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. டூலையும் அதன் மோட்டாரையும் சுமக்கும் ஹெட் சர்ரென்று தானாக இறங்கி, 6 மி.மீ. எண்ட் மில்லை (வெட்டும் டூல்) ஒடித்து, பொருளைப் பிடிக்கும் வைஸ் மேல் ஒரு குழியும் போட்டுவிட்டுத்தான் நின்றது.

தப்பு என்னுடையதுதான். கையால் சுற்றும் பழைய மெஷின்களில் இருப்பது சாதா மரை. பாரம் எவ்வளவு அழுத்தினாலும் அது தானாகத் திரும்பாது. ஹெட்டை ஏற்றி இறக்க நான் போட்டது 16 மி.மீ. பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். குண்டுகள் மேல் உருளுவதால் உராய்வு மிகக் குறைவு. பாரம் அழுத்தினால் ஸ்க்ரூவே சுழன்று வழி விட்டுவிடும். கரண்ட் இருக்கிற வரை, ஸ்க்ரூவைப் படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஹெட்டைக் கழற்றி எடை போட்டேன். மோட்டார், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில், தகடு எல்லாம் சேர்த்து 28 கிலோ.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் கார் டிக்கியைத் தூக்கும் கேஸ் ஸ்ப்ரிங் ஒன்று கிடைத்தது. உடம்பில் 400 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தது. 28 கிலோவுக்குச் சுமார் 275 நியூட்டன்தான் வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. மாட்டி சுவிட்சை அணைத்ததும் ஹெட் நிதானமாக மேலே ஏறி, உச்சியில் முட்டி நின்றது. "பரவால்லீங் கண்ணு, இனிக் கீழ வுழுகாது" என்றார் அப்பா.

அப்புறம்தான் எடைக்கல். மண்டியில் கழித்துப் போட்ட வார்ப்பிரும்புக் கற்களை வாங்கிவந்தேன்: 10 கிலோ இரண்டு, 5, 2, 1 கிலோ ஒவ்வொன்று. கூட்டினால் கச்சிதமாக 28! மெஷின் தூணின் உச்சியில் இரண்டு ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்), அவற்றின் மேல் சைக்கிள் செயின், அதன் ஒரு முனையில் ஹெட், பின்பக்கம் கற்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் தள்ளினாலே ஹெட் மேலும் கீழும் போனது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

வேலை எடுத்துப் பார்த்தால் தளம் முழுக்க அலை அலையாக வரி. வேகமாகத் தூக்கினால் ஸ்டெப்பர் படி தவறியது. இது புரிந்தது. கல்லையும் சேர்த்து 56 கிலோவை அது அசைக்க வேண்டியிருந்தது. வரிதான் புரியவில்லை. ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்து, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து ஹெட்டைக் கையால் தூக்கி விட்டார். முள் 0.06 மி.மீ. ஆடியது.

"முழுசாத் தூக்கிட்டீங்கன்னா மரையோட எந்தப் பக்கமும் உக்காராதுங்க தம்பி. டூல் இழுத்தாக் கீழ, தள்ளுனா மேல. கொஞ்சம் பாரத்தை விட்டு வைங்க" என்றார்.

ஸ்க்ரூவின் நட்டில் இருந்த பேக்லாஷை, அதாவது மரைகளுக்கு இடையிலான ஆட்டத்தை, இத்தனை நாள் ஹெட்டின் பாரமே மறைத்து வைத்திருக்கிறது. அதை நான்தான் மெனக்கெட்டு எடுத்துவிட்டிருக்கிறேன். சரி என்று 5, 2, 1 கற்களைக் கழற்றினேன். மிச்சம் இருக்கும் 8 கிலோ ஹெட்டை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்தி வைக்கிறது. வரி போய்விட்டது. கரண்டை அணைத்துப் பார்த்தேன்; மோட்டாரின் இயல்பான பிடிப்பும் உராய்வுமே போதும், ஹெட் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் உராய்வு வேறு. ஹெட்டுக்கடியில் கட்டையை வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

கற்கள் ஊசலாடித் தூணில் இடித்ததால் அவற்றை ஒரு பெரிய பிவிசி குழாய்க்குள் இறக்கினேன். செயின் அறுந்தால் என்ன செய்வாய் என்று அப்பா கேட்டதற்குப் பதில் இல்லை. இப்போது செயினோடு ஒரு கம்பிக் கயிறும் தளர்வாக ஓடுகிறது, குழாயின் அடியில் பழைய டயர் துண்டு ஒன்று கிடக்கிறது.