அப்பாவின் கெப்: ஓட்டோ கியர் பொக்ஸ் நாட்குறிப்பு

2024 ஜூலை 6, சனி

காலையில் கெப்பை (பிக்-அப் வண்டி) ஸ்டார்ட் செய்து, முன்னே ஓட்டுகிற டி கியரில் போட்டேன். மூன்று எண்ணும்வரை அசையவில்லை, அப்புறம் ஒரு உதறலோடு கிளம்பியது. ஒரு மாதமாக இதே கதைதான். நேற்று குச்சவெளியிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றி வந்து திருகோணமலை ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் மிதித்தபோது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி இழுக்கவில்லை. பயந்துவிட்டேன். 2020 இலிருந்து இலங்கையில் வாகன இறக்குமதி நிற்கிறது. பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப்புக்கும் இப்போது கேட்கிற விலை என் கைக்கு எட்டாது. இது அப்பா வாங்கியது வேறு.

பின்னேரம் மாமா வந்தார். முப்பது வருடம் கராஜில் நின்ற மனிதர். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கடைசியா கியர் பொக்ஸ் ஒயில் பார்த்தவன் எஞ்சின் ஓடேக்க பார்த்தவனா, நிப்பாட்டிப்போட்டுப் பார்த்தவனா?"

யோசித்தேன். போன வருடம் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் டிப் ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் குச்சி) இழுத்தார்கள். "ஒயில் கூட" என்று சொல்லிக் கொஞ்சம் இறக்கியும் விட்டார்கள்.

"பிறகென்ன, தம்பி" என்றார் மாமா.

எஞ்சின் நின்றால் மேலே இருக்கும் ஒயில் வடிந்து, கியர் பொக்ஸின் அடித்தட்டான சம்ப்புக்கு இறங்கிவிடும், குச்சியில் மட்டம் கூடக் காட்டும். இந்த வண்டியில் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி (பார்க்) இலிருந்து எல் (லோ) வரை ஒவ்வொரு கியராகப் போட்டு, திரும்ப பி-க்கு வந்துதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தோம். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது.

2024 ஜூலை 7, ஞாயிறு

விடிய ஐந்தரைக்கே தொடங்கினோம். கச்சான் காற்று எழும்பினால் முற்றமெல்லாம் புழுதி. திறந்து கிடக்கும் கியர் பொக்ஸுக்குள் ஒரு பிடி மண் போனாலே வால்வ் இறுகிவிடும்.

ஒயில் வடிக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றி ஒயிலை அளவுச் சட்டியில் பிடித்தோம். இரண்டு லீற்றர் வரும் என்று மாமா எதிர்பார்த்தார், ஒன்றேகால்தான் வந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் சாயம் கூடிய பிளேன்டீ நிறம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்த்தார் மாமா. பழசுதான், ஆனால் கிளட்ச் எரிந்த நெடி இல்லை. பால் கலந்த நிறமும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருந்தால் அப்படித்தான் வெளுத்திருக்கும்.

சம்ப்பை இறக்கியபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே இருந்த காந்தங்களில், விபூதியைத் தண்ணீரில் குழைத்ததுபோல, சாம்பல் நிறப் பசை. மாமா இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நறநறக்கவில்லை. இத்தனை வருடம் ஓடிய பெட்டியில் இந்த மாவு இருக்கத்தான் செய்யும். இரும்புச் சில்லோ பித்தளை மினுக்கமோ கண்டிருந்தால் வேறு ஒயில் விட்டுப் பயனில்லை, பெட்டியையே இறக்க வேண்டும் என்றார்.

காந்தங்களைத் துடைத்து, புது ஃபில்டரும், ஒழுகாமல் இடையில் வைக்கும் புது பெக்கினும் வைத்து மூடினோம். சம்ப் போல்ட்டுகளை மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். முழுக்கையால் இழுத்தால் தகரம் நெளிந்து, ஒழுக்கு அங்கேதான் தொடங்கும். டெக்ஸ்ரொன் III ரக கியர் பொக்ஸ் ஒயிலைக் குச்சிக் குழாய் வழியாக நீட்டுப் புனலால் ஊற்றினோம், கொஞ்சம் ஊற்றுவதும் பார்ப்பதுமாக. நிலாவெளி வரை ஓடிச் சூடேற்றி வந்து குச்சியில் சூடான ஒயிலுக்குரிய ஹொட் கோட்டுக்கு மட்டம் சரிபார்த்தோம்.

2024 ஜூலை 8, திங்கள்

வண்டி சூடானதும் கைபேசியில் நேரம் பிடித்தேன். என் (நியூட்ரல்) இலிருந்து டி-க்குப் போட்டு, வண்டி தள்ளுவது உடம்பில் தெரியும்வரை. ஒவ்வொரு தடவைக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டு மூன்று தடவை. ஒரு செக்கனை ஒட்டியே வந்தது. டொயோட்டா கணக்கில் டி-க்கு 1.2, ஆர் (ரிவர்ஸ்)-க்கு 1.5 செக்கனுக்குள் இருக்க வேண்டும். விடியற்காலைக் குளிரிலும் இன்று உதறல் இல்லை.

2024 ஜூலை 14, ஞாயிறு

சந்தியில் ஒருவர் மெஷின் வைத்து முழு ஒயிலையும் தள்ளி எடுக்கச் சொன்னார். எனக்கு மனமில்லை. சம்ப்பில் வடிவது ஒரு பங்குதான், மிச்சம், எஞ்சின் சுழற்சியைக் கியர் பொக்ஸுக்குக் கடத்துகிற டோர்க் கன்வேர்ட்டருக்குள் தங்கும் என்பது உண்மை. ஆனாலும் இத்தனை நாள் அசையாத ஊத்தையை ஒரேயடியாகக் கிளப்பிவிடுவதைவிட, ஓட்டி ஓட்டி வடித்து மாற்றுவதே இந்தப் பெட்டிக்கு நல்லது என்று நினைக்கிறேன். இன்று ட்ரெயின் நட்டால் மறுபடி வடித்தேன். இரண்டு லீற்றர் சரியாக வந்தது, நிறமும் ஒரு படி வெளுத்திருக்கிறது. எவ்வளவு வடித்தேனோ அவ்வளவே ஊற்றினேன்.

கீழே படுத்திருந்தபோது, கியர் பொக்ஸ் ஒயிலை ஆற்றக் கொண்டுபோகும் கூலர் குழாயைக் கண்டேன். கடற்கரை மணலில் மீன் ஏற்ற நிற்கிற வண்டி. ரப்பர் ஹோஸ் சேரும் இடத்தில் உப்புத் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. இன்னும் ஒழுகவில்லை. இது வெடித்தால் ஊற்றியதெல்லாம் நடு றோட்டில்தான். குழாயையும் இரண்டு கிளிப்பையும் நாளைக்கே வாங்க வேண்டும். மாற்றும்வரை குச்சவெளி ஓட்டம் இல்லை என்று ஐஸ் காரருக்குச் சொல்லிவிட்டேன்.