வேலி விழுந்த பிறகு பொரித்த குஞ்சுகள்

பெப்ரவரி 9, 2025, ஞாயிறு

பத்துக் குஞ்சு. ஜனவரி 19ஆம் திகதி ஊர்க்கோழிக்கு அடை வைத்த பன்னிரண்டு முட்டையில் ஒன்று கூழ், ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்துப்போனது. மற்றதெல்லாம் நேற்று இரவும் இன்று விடியவுமாகப் பொரித்துவிட்டன. எல்லாம் றோட் ஐலண்ட் றெட் என்ற சிவப்புக் கோழி இனத்தின் முட்டை என்றுதான் வைத்தேன், ஆனால் செட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்ததில் இரண்டு கறுப்பு.

கறுப்புக்குக் காரணம் பிடிபட நேரம் எடுக்கவில்லை. சிவப்புக் கோழிகளோடு இரண்டு பிளைமவுத் றொக் பேடும் வளவில் நிற்கின்றன, அந்தச் சாம்பல் வரிக்கோழிகள். முட்டை பொறுக்கிய மூத்தவன் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டிருக்கிறான், இரண்டு முட்டையும் மண்ணிறந்தானே. ஒரு கறுப்புக் குஞ்சின் உச்சியில் வெள்ளைப் பொட்டு இருக்கிறது, மற்றதற்கு இல்லை. பொட்டு உள்ளது சேவல், இல்லாதது பேடு. வரியைக் கொடுக்கும் மரபணு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது, பேடு அந்தக் குரோமோசோமைத் தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டும்தான் கொடுக்கும். ஆகவே தாய் வரிக்கோழி, தகப்பன் வரியில்லாத சேவல் என்றால் ஆண்கள் வரியோடு வளரும், பெண்கள் கறுப்பாக நிற்கும். தகப்பன் வரிச்சேவல் என்றால் இந்தக் கணக்குச் சரிவராது, எல்லாமே வரியோடு வரும்.

சரி, இரண்டும் கலப்பு. மிச்சம் எட்டு.

பெப்ரவரி 15, சனி

இன்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தலையைப் பார்த்தேன். ஆறு குஞ்சுக்கு நடுவில் ஒற்றை வரியாகக் கொண்டை எழும்புகிறது, அது சரி. இரண்டுக்கு மட்டும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று சின்ன வரிகள், விரலால் தடவினால் அரிசி மணி மூன்றை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது. பட்டாணிக் கொண்டை. றோட் ஐலண்ட் றெட் இனத்தின் தரநிலையில் ஒற்றைக் கொண்டையும் ரோசாக் கொண்டையும் மட்டும்தான் உண்டு, என் சேவலுக்கும் ஆறு பேடுகளுக்கும் ஒற்றைக் கொண்டை. பட்டாணிக் கொண்டை ஓங்கிய குணம், ஒளிந்திருந்து பிறகு வெளியே வராது. தாய்க்கோ தகப்பனுக்கோ அது இருந்தே ஆகவேண்டும்.

இந்த வளவில் அது யாருக்கும் இல்லை. பக்கத்து வளவில் நிற்கும் சண்டைச் சேவலுக்கு இருக்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

இரவெல்லாம் திகதியைத்தான் எண்ணிக்கொண்டு கிடந்தேன். நவம்பர் கடைசியில் அடித்த மழை வெள்ளத்தில் கிடுகு வேலி சாய்ந்தது, அந்தச் சேவல் உள்ளே வர வழியானது. பொங்கலுக்கு முன்னே, ஜனவரி 8ஆம் திகதி, கம்பி வலை அடித்து முடித்தோம். அடை வைத்த முட்டைகள் எல்லாம் 12இலிருந்து 18 வரை பொறுக்கியவை, வேலி அடைத்த பிறகு வந்தவைதானே என்று நம்பிவிட்டேன். அங்கேதான் பிழை. ஒரு தடவை சேவல் மிதித்தால் அந்த விந்தைப் பேடு தன் முட்டைக்குழாயில் உள்ள நுண்ணிய குழல்களில் சேமித்து வைத்திருக்கும், இரண்டு மூன்று கிழமைக்கு அதிலிருந்தே முட்டைகள் கருக்கட்டும். பிறகு என் சேவல் மிதித்திருந்தாலும் பழையது முழுக்கப் போய்விடாது. வலை அடித்து நாலாம் நாள் வந்த முட்டையை நான் அசல் என்று வைத்திருக்கிறேன்.

பக்கத்து அண்ணனிடம் வேலிக்கு மேலால் சொன்னபோது அவர், "அந்தப் பேடெல்லாம் இனிக் கெட்டுப்போச்சு தங்கச்சி, கறிக்குத்தான்" என்றார். இதை ஊரில் நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் நல்ல பேடுகள் சட்டிக்குப் போகின்றன, எனக்கு இது உண்மையிலேயே கவலை. பேடு கெடுவதில்லை. பழைய விந்து தீர்ந்தால் அவ்வளவுதான், அதன்பின் எந்தச் சேவலோடு நிற்கிறதோ அதன் குஞ்சுதான் வரும். நான் நாலு கிழமை என்று வைத்துக்கொள்கிறேன், பயமில்லாமல் இருக்க. அந்தக் கணக்கில் என் பேடுகள் இந்த மாதம் 5ஆம் திகதியிலிருந்தே சுத்தம்.

வாவிக்கு அக்கரையில், மண்டூரில் இருக்கும் மச்சாளுக்கும் அதே பெட்டியில் இருந்து ஆறு முட்டை கொடுத்திருந்தேன், இனம் பெருக்க என்று கேட்டு வாங்கியவ. இன்று அவவுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். தன்னுடைய ஐந்து குஞ்சும் நல்ல சிவப்பு, கொண்டையும் ஒற்றை, பிறகென்ன என்றா. அதுதான் சிக்கல் மச்சாள் என்றேன். அந்தச் சண்டைச் சேவலே ஒரு கலப்புத்தான், பட்டாணிக் கொண்டை மரபணு அதற்கு ஒன்றே ஒன்று இருந்தால் அதன் குஞ்சுகளில் பாதி ஒற்றைக் கொண்டையோடுதான் பிறக்கும். கொண்டையைப் பார்த்து இது அசல் இல்லை என்று சொல்லலாம், இது அசல் என்று சொல்ல ஏலாது. வேறு முட்டை தருகிறேன், பொறுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

இன்னொரு அடைக்கோழிக்குப் பத்து முட்டை வைத்தேன். இந்தக் கிழமை முழுக்க வரிக்கோழிகளைத் தனியாக அடைத்துவிட்டு, சிவப்புகளின் முட்டைகளை நானே எடுத்துப் பென்சிலால் திகதி போட்டேன். முட்டையின் நிறத்தைப் பார்த்தால் போதாதா என்று அம்மா கேட்டா. ஓட்டின் நிறம் இட்ட பேட்டின் சொத்து, உள்ளே இருப்பதற்கு எந்தச் சேவல் தகப்பன் என்று அது சொல்லாது.

மார்ச் 13, வியாழன்

ஒன்பது. எல்லாம் செம்மண் நிறம். காலில் சிவப்புக் கேபிள் டை கட்டிவிட்டேன், லேசாக, வளர வளர மாற்ற வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

முதல் அடையில் வந்தவைக்கு ஆறு கிழமை. இப்போதுதான் காலைப் பார்த்துப் பேசலாம், குஞ்சாக இருக்கும்போது எல்லாக் காலும் ஒரே வெளிறல். ஒற்றைக் கொண்டைக்காரர் ஆறு பேரில் ஐந்துக்குச் சோளமும் கீரையும் தின்று கால் மஞ்சளாகிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் வெள்ளைக் கால், அந்தச் சேவலின் கால் மாதிரியே. மஞ்சள் தோல் ஒடுங்கிய குணம், தாய் தகப்பன் இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் வெளியே தெரியும், மஞ்சள் கால் தாய்க்கும் மஞ்சள் கால் தகப்பனுக்கும் வெள்ளைக் கால் குஞ்சு பிறக்காது. ஆக அதுவும் போயிற்று. (இந்த அளவுகோலை முட்டையிடும் பேட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. முட்டையிட இட அசல் பேட்டின் காலும் வெளுத்துப்போகும். இதை அறியாமல் நல்ல பேட்டைக் கலப்பு என்று விற்றவர்களைக் கண்டிருக்கிறேன்.)

மிஞ்சிய ஐந்தில் ஒரு விடலைச் சேவல். என்ன சொல்ல, அவ்வளவு அழகு. கடும் சிவப்பு, வாலில் கறுப்புக்குள் பச்சை மினுங்குகிறது, முதுகு பலகை மாதிரி நேர். பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்த இனமே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் பக்கத்தில் மலாய்க் கோழியையும் வேறு பலதையும் கலந்து கலந்து எடுத்ததுதான், 1904இல்தான் அமெரிக்கக் கோழித் தரநிலைக்குள் வந்தது, அப்படி இருக்க இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று மூத்தவன் கேட்கிறான். கலந்ததைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து கழித்து நிலைநிறுத்தியிருக்கிறார்கள் மகன், அந்த உழைப்பைத்தான் ஒரு சேவல் வேலி தாண்டி வந்து குலைத்துவிடும் என்றேன்.

இன்று மச்சாள் குருமண்வெளிப் பாதையில், வாவியைக் கடக்கும் அந்த மிதவையில், ஏறி இக்கரைக்கு வந்தா. வந்தவுடனே அந்த விடலையைத்தான் காட்டினா. இனத்துக்கென்றால் தரமாட்டேன், காலில் சிவப்பு கட்டியதில் ஐந்தை எடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் முகம் கோணியிருந்தது. பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, காற்றுப்போகத் துளைபோட்ட பெட்டிக்குள் ஐந்தையும் வைத்துக் கட்டினோம், நாலு மணிப் பாதைக்குப் போய்விட்டா.