ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால் அதைக் கழற்றச் சொல்பவரை நம்பாதீர்கள்

எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் பூமிக்குக் கசிந்தால் தானே விழுந்து (ட்ரிப் ஆகி) லைனைத் துண்டிக்கும் கருவி, போடும் யோசனை வந்ததே மாமியாருக்கு ஷாக் அடித்த பிறகுதான். வாஷிங் மெஷினின் தகரப் பக்கத்தில் ஈரக் கையை வைத்தார், சுண்டி இழுத்துவிட்டது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தார். அந்த லைனில் இருந்த 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையக்கூட இல்லை. அது அசையவும் செய்யாது. எம்.சி.பி. இருப்பது ஒயர் சூடாகி எரியாமல் காப்பாற்ற. ஆளைக் காப்பாற்ற அல்ல. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் போனாலே உயிர் போய்விடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான் தெரியும். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் விழுகிற ஆர்.சி.சி.பி.தான் அந்த இடத்தில் உதவும்.

மெஷினைச் சரிசெய்ததிலும், அந்த பிளக்குக்கு எர்த் ஒயரே வராமல் இருந்ததைச் சரிசெய்ததிலும் சிரமம் இல்லை. மெயினில் இருந்த 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அடுத்ததாக 40 ஆம்பியர், டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வாங்கிப் போட்டாயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தோம். தலைவலியே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

போட்ட அன்று சாயங்காலமே விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டோம். ஹால் ஃபேனைப் போட்டால் விழுகிறது என்று பார்த்தவர், "ஃபேன் காயில் போயிடுச்சுக்கா, மாத்திடுங்க" என்றார். மாற்றினோம். புது ஃபேனுக்கும் விழுந்தது. அடுத்ததாக, ஆர்.சி.சி.பி.யே கோளாறு என்றார். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், ஒயர் மாட்டிய பீஸைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கூடவே கவுண்டரில் இருந்தவர் ஒரு யோசனையும் சொன்னார்: "300 மில்லி ஆம்பியர் போட்டுக்குங்க, விழவே விழாது."

இதைக் கேட்டு யாரும் வாங்கிவிடாதீர்கள். 300 மில்லி ஆம்பியர் கருவி, கசிவால் தீப்பிடிக்காமல் தடுக்கப் போடுவது. அது விழுவதற்குள் மனிதர் போய்விடுவார். வீட்டில் உயிர்காக்கப் போடுவது 30 மில்லி ஆம்பியர்தான். விதியை எழுதுகிறவர்களுக்கே இது புரிந்ததால்தான் தமிழ்நாட்டில் இப்போது புதிய மின் இணைப்புக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். விற்கிற இடத்தில் இப்படிச் சொல்கிறார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வெறும் கையோடு வீட்டுக்கு வந்தால் எலக்ட்ரீசியன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "பழைய ஒயரிங்குக்கு இது ஒத்துக்காதுக்கா. எடுத்துட்டு நேரா குடுத்துடறேன், தொந்தரவே இருக்காது." வீட்டிலும் எல்லோருக்கும் சலித்துவிட்டது, சரி என்று சொல்லிவிடலாம் என்றார்கள். மாமியார் மட்டும், "எனக்கு அடிச்சது எனக்குத்தான் தெரியும், அதைக் கழட்டக் கூடாது" என்று நின்றார். அவரை வணங்குகிறேன்.

பிறகு, அரிசி ஆலையில் பேனல் போர்டு வேலை பார்க்கும் ஓர் அண்ணன் வந்தார். வந்ததும் ஆர்.சி.சி.பி.யின் கீழ்ப்பக்கம் வீட்டுக்குப் போகிற இரண்டு ஒயரையும் கழற்றினார். வெறும் கருவியை ஆன் செய்தார், நின்றது. டெஸ்ட் பட்டனை அழுத்தினார், விழுந்தது. "பீஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார். ஐந்து நிமிட வேலை. இதை முதலிலேயே செய்திருந்தால் கடைக்கு அலைந்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் விழுந்தால் எலக்ட்ரீசியனிடம் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள், மெயினை அணைத்துவிட்டு.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது: "எதைப் போட்டா விழுதுன்னு எல்லாரும் சொல்றீங்க. எதைப் போட்டா விழல?" யோசித்துப் பார்த்தால், ஒன்றரை டன் ஏ.சி. ஓடியது. ஃபிரிட்ஜ் ஓடியது. மோட்டார் ஓடியது. 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டால் விழுந்தது. விழுந்ததெல்லாம் இன்வெர்ட்டர் லைனில் இருந்தவை.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் தெரிந்தால் காரணம் புரியும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் உள்ளே ஒரு வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பினால் கணக்கு நேராகிவிடும். குறைந்தால், வேறு எங்கோ, ஒருவேளை ஓர் உடம்பு வழியாக, பூமிக்குப் போகிறது என்று கருதி விழுந்துவிடும். எங்கள் வீட்டில் என்றோ இன்வெர்ட்டர் மாட்டியவர் அதற்கான ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மெயினிலேயே, இப்போது ஆர்.சி.சி.பி. இருக்கும் இடத்துக்கு மேலேயே, எடுத்திருக்கிறார். பல்பின் நியூட்ரலோ எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸில், எல்லா நியூட்ரல் ஒயர்களும் சேரும் பொது நியூட்ரல் லிங்க்குக்கு வந்து, ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்புகிறது. போகும்போது கணக்கில் வராத கரண்ட், வரும்போது மட்டும் வருகிறது. 9 வாட் பல்புக்கே கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர். விழாமல் என்ன செய்யும்? இதனால்தான் கரண்ட் கட் ஆனபோதும் விழுந்து, இன்வெர்ட்டர் இருந்தும் வீடே இருட்டாகியிருக்கிறது.

இன்வெர்ட்டருக்குப் போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே மாற்றினார். நின்றுவிட்டது. ஃபேன், லைட், டி.வி. எல்லாம் போட்டுப் பார்த்தோம். பழைய ஃபேனையும் மாட்டிப் பார்த்தேன், அதற்கும் விழவில்லை.

மழை பிடித்த இரவில் திரும்பவும் விழுந்தது. இந்த முறை ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்த்தோம். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் நிற்கவில்லை. மறுநாள் வந்த அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது தெரியாமல்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள்: வீட்டு டி.பி.யில் இருக்கும் சிங்கிள் போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் ஒயர் எப்போதும் இணைந்தே இருக்கும். நியூட்ரல் எங்காவது ஈரச் சுவரிலோ எர்த்திலோ தொட்டால், தெரு லைனின் நியூட்ரலில் நிற்கும் ஒன்றிரண்டு வோல்ட்டே ஆர்.சி.சி.பி.யை விழவைக்கப் போதும். எம்.சி.பி.யை இறக்கி இதைக் கண்டுபிடிக்க முடியாது. மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்க்கில் இருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் கேட் லைட் மாட்டிக்கொண்டது. தூணில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, ஜாயிண்டில் சுற்றிய டேப் உரிந்து, நியூட்ரல் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பெட்டியாக மாற்றி, ஜாயிண்டை மேலே சுவருக்குள் ஏற்றினார். அதன் பிறகு பெய்த மழை எதற்கும் விழவில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கருவியின் முகப்பில் ஒரே ஓர் அலைக்கோடு மட்டும் இருந்தால் அது டைப் ஏ.சி. அந்த அலைக்கோட்டுக்கு அடியில் அரை அலைகளும் வரைந்திருந்தால் டைப் ஏ. இன்வெர்ட்டர் ஏ.சி., புதுரக வாஷிங் மெஷின் போன்ற எலக்ட்ரானிக் போர்டு உள்ள சாமான்களில் வருகிற கசிவைச் சாதாரண டைப் ஏ.சி. சரியாக உணராமல் போகலாம். எனக்கு இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரியும். இப்போது டைப் ஏ வாங்கி வைத்திருக்கிறேன். கீழ் வீட்டில் அது ஏறும். இப்போது இருக்கும் நல்ல பீஸ் மாடிப் போர்ஷனுக்குப் போகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கும் சின்னக் குழந்தை இருக்கிறது.

ஆனாலும் இது இருக்கிறது என்று ஒயரில் கை வைக்கக் கூடாது. எர்த்தில் படாமல் நின்று ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால் கருவிக்குக் கணக்கு நேராகத்தான் தெரியும், விழாது. மாதம் பிறந்ததும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதை மாமியாரே எடுத்துக்கொண்டார்.

மாடியிலும் ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது. அடுத்த வாரம் அண்ணன் வரும்போது, ஆர்.சி.சி.பி.யை மாட்டுவதற்கு முன்பே அதன் ஃபேஸை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.