42 எழுத்துக்குள் அடங்காத கார்ட்டூன்

'தி மிட்நைட் காஸ்பெல்' தொடரை இதுவரை நான்கு பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒருவர் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். ஒருவர் தூங்கிவிட்டார். தோழி ஒருத்தி எட்டுப் பகுதிகளையும் ஒரே இரவில் பார்த்து முடித்துவிட்டு, மறுநாள் முழுவதும் என் அழைப்பை எடுக்கவில்லை. நான்காவது ஆள் என் தம்பி. முதல் காட்சியிலிருந்து குறை சொல்லிக்கொண்டே பார்த்தான். ஆனால் ஒரு பகுதியைக்கூட விடவில்லை.

எழுந்து போனவர்மீது எனக்கு வருத்தமில்லை. தவறு என்னுடையது. முதல் பகுதியிலிருந்து தொடங்கியிருக்கக் கூடாது. வெள்ளை மாளிகையை ஜாம்பிகள் முற்றுகையிட்டிருக்கின்றன. குள்ளமான ஜனாதிபதி ஒருவர் துப்பாக்கியும் கையுமாக அவற்றைச் சுட்டுத் தள்ளுகிறார். சுட்டுக்கொண்டே, போதைப்பொருளில் நல்லது எது, கெட்டது எது என்று ஏதோ மாலை நடைக்கு வந்தவர்போல நிதானமாக விவாதிக்கிறார். அந்தக் குரல் டாக்டர் ட்ரூ பின்ஸ்கியுடையது. போதை அடிமைகளுக்குச் சிகிச்சை அளித்த நிஜமான மருத்துவர். திரையில் குடல் தெறிக்கிறது, காதில் மருத்துவ ஆலோசனை ஓடுகிறது. "இதில் எதை நான் பார்ப்பது?" என்று கேட்டுவிட்டு எழுந்தார் அவர். இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே நேர்மையான விமர்சனம் அதுதான்.

ஏனென்றால் அதே கேள்விதான் எனக்கும். நான் சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவள். என் தொழிலில் புனித எண் 42. ஒரு வரிக்கு 42 எழுத்து, மொத்தம் இரண்டு வரி, ஏழு விநாடிக்கு மேல் திரையில் நிற்கக் கூடாது. நாங்கள் பெரும்பாலும் வேலை செய்யும் கணக்கு இது. (கணினி எண்ணும்போது 'கொ' ஓர் எழுத்து இல்லை, இரண்டு. தமிழில் இந்த வேலை செய்பவர்களின் தீராத மனக்குறை.) கணக்கு எதற்கென்றால், வரியைப் படிக்கும் நேரத்தில் பார்வையாளரின் கண் படத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய கண்ணை நாங்கள் கடன் வாங்குகிறோம். வாங்கியதைச் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாதாரணப் படங்களில் இது நடக்கும். கதாநாயகன் பேசும்போது அவன் முகம்தான் திரையில் இருக்கும். அரை விநாடி பார்க்காவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

இந்தத் தொடரில் அப்படி இல்லை. நீங்கள் கீழே இரண்டு வரி படித்துவிட்டு நிமிர்வதற்குள், பேசிக்கொண்டிருந்தவர் அரைபட்டுச் சதைத் துண்டாகிக் குழாய்க்குள் போய்க்கொண்டிருப்பார். மிகையில்லை. இரண்டாம் பகுதியில் எழுத்தாளர் ஆன் லமோட்டின் குரலில் பேசும் மான்போன்ற ஒரு பிராணி இறைச்சி ஆலைக்குள் கொண்டுபோகப்படுகிறது. அரைத்து முடித்த பிறகும், மரணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரு கமாகூடக் குறையாமல் தொடர்கிறது. தம்பி அந்த இடத்தில் காட்சியை நிறுத்திவிட்டு, "அக்கா, வாயே இல்லையே, எப்படிப் பேசுகிறார்கள்?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவன் கேட்டது தொடரின் அடிமடியில் கைவைத்த கேள்வி.

தொடர் பிறந்த விதமே அப்படி. டங்கன் ட்ரஸ்ஸல் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பல ஆண்டுகளாகத் தன் பாட்காஸ்ட்டில் விருந்தினர்களை அழைத்துப் பேசிவந்தார். தியானம், மந்திர வித்தை, மரணம், மன்னிப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம். குழந்தைகளும் பெரியவர்களும் ஒருசேர ரசித்த 'அட்வெஞ்சர் டைம்' தொடரை உருவாக்கிய பெண்டில்டன் வார்ட் அவருடன் சேர்ந்து, அந்தப் பழைய உரையாடல்களை வெட்டி எடுத்து, அவற்றின்மேல் சம்பந்தமே இல்லாத சாகசக் கதைகளை வரையவைத்தார். டிட்மவுஸ் என்ற ஸ்டூடியோ வரைந்தது. கிளான்ஸி என்ற ஊதாரி இளைஞன், அக்காவின் பணத்தில் வாங்கிய பழைய பிரபஞ்ச இயந்திரத்துக்குள் தலையை விட்டு, அழியப்போகும் உலகங்களுக்குப் போய் அங்குள்ளவர்களைப் பேட்டி எடுக்கிறான். கதை அவ்வளவுதான். நெட்பிளிக்ஸில் 2020 ஏப்ரல் 20 அன்று வெளியானது. அந்தத் தேதி கஞ்சாப் பிரியர்களுக்குத் திருநாள் என்பதைத் தற்செயல் என்று நம்ப நான் தயாராக இல்லை. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம் அது. அது மட்டும் தற்செயல்.

ஆக, குரல் முதலில் வந்தது, படம் பிறகு வந்தது. படம் குரலை விளக்க வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு வேறொரு கதை சொல்கிறது. "புரியவில்லை" என்று சொல்லும் பெரும்பாலோருக்குத் தத்துவம் புரியாமல் போகவில்லை என்பது என் கணிப்பு. அதில் அப்படி ஒன்றும் கடினமில்லை. சில இடங்களில் சலிப்பூட்டும் அளவுக்குச் சுலபம். கண் படத்திடம் விளக்கம் கேட்கிறது, படம் தர மறுக்கிறது. அந்த எரிச்சலைத்தான் 'புரியவில்லை' என்ற சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம்.

தூங்கியவர் கதை இதற்குச் சாட்சி. ஆறாம் பகுதி ஓடும்போது சோபாவில் கண்ணை மூடிக்கொண்டார். இசைக்கலைஞரும் தியான ஆசிரியருமான டேவிட் நிக்டர்ன், எப்படி உட்கார வேண்டும், எண்ணம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கிளான்ஸிக்குச் சொல்லிக்கொடுக்கும் பகுதி. குறட்டை கேட்டது, அதை நான் சத்தியம் செய்வேன். ஆனால் மறுநாள் அந்த உரையாடலில் பாதியை என்னிடம் திருப்பிச் சொன்னார். படம் எப்படி இருந்தது என்றேன். "படமா? அதில் படம் இருந்ததா?" என்றார்.

அவரிடம் பாடம் கற்றுக்கொண்டு நானும் ஐந்தாம் பகுதியை மூன்று முறை பார்த்தேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது முறை ஒலியை அணைத்துவிட்டு. மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்து, சப்டைட்டில் இல்லாமல். ஒலியில்லாமல் பார்த்தால் அது முழுமையான ஒரு மௌனப் படம்: நாக்கறுபட்ட ஒரு கைதி சிறையிலிருந்து தப்பிக்க முயல்கிறான், சாகிறான், மறுபடி அதே அறையில் விழிக்கிறான், மறுபடி முயல்கிறான். ஒவ்வொரு சுற்றிலும் அவன் முரட்டுத்தனம் ஒரு பிடி குறைகிறது. கண்ணை மூடிக் கேட்டால் அது ஜேசன் லூவ் என்ற எழுத்தாளரும் கிளான்ஸியும் இறப்பு, மறுபிறப்பு பற்றி நடத்தும் அரட்டை. அதில் பாதி எனக்கு ஏற்கனவே கேட்டுச் சலித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒன்று விளங்கியது. கைதியின் ஆத்மாவாக வரும் பறவைதான் அத்தனை பேச்சும் பேசுகிறது. ஞானமெல்லாம் பறவைக்கு, அடியெல்லாம் நாக்கில்லாத கைதிக்கு. பேசத் தெரிந்தவன் ஒருவன், படுகிறவன் இன்னொருவன். எந்த விருந்தினரும் வாயால் சொல்லாத ஒன்றை அந்த ஏற்பாடு சொல்லிவிட்டது.

எல்லாப் பகுதிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்றாவதில் பூனைகள் ஓட்டும் கப்பல் அழகாக இருக்கிறது. தொட்டிக்குள் நீந்தும் தங்கமீனைத் தலையாகக் கொண்ட மனிதனுக்குக் குரல் கொடுத்த டேமியன் எக்கோல்ஸ், செய்யாத கொலைக்காக என்று அவர் இன்றும் சொல்லும் வழக்கில் 18 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கி இருந்து, 2011-இல் வெளியே வந்தவர். அவ்வளவு பட்ட மனிதரின் குரலை வைத்துக்கொண்டு, மந்திர வித்தை விளக்கத்திலேயே நேரம் ஓடிவிடுகிறது. எனக்குப் பிடிபடவில்லை. தம்பிக்கு அதுதான் மிகவும் பிடித்தது. பூனைகளுக்காக இருக்கும்.

அழைப்பை எடுக்காத தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எட்டாம் பகுதியைப் பார்த்து உடைந்துபோயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவளாகவே அழைத்தாள். ஏழாம் பகுதியைப் பற்றித்தான் பேசினாள். அதில் வருபவர் கெய்ட்லின் டௌட்டி, பிண அடக்கத் தொழிலில் இருப்பவர். இறந்தவரின் உடலைக் கண்டு அஞ்சி ஒதுங்காதீர்கள், அதன் அருகில் சற்று நேரம் இருங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருபவர்.

"ஒருவர் போனவுடன் கட்டிலைச் சுற்றியிருக்கும் திரையை இழுப்போம் இல்லையா?" என்றாள் தோழி. "நான் எவ்வளவு வேகமாக இழுக்கிறேன் என்று இதுவரை கவனித்ததே இல்லை. நேற்று கவனித்தேன். வளையங்கள் கம்பியில் சர்ரென்று ஓடும் சத்தம். அந்தச் சத்தம் அந்த அம்மாவின் மகளுக்கும் கேட்டிருக்கும்."

வேறெதுவும் சொல்லவில்லை. தொடர் நன்றாக இருந்ததா என்று நானும் கேட்கவில்லை.

இனி எட்டாம் பகுதி. இதற்கு மட்டும் எல்லோருடைய எதிர்வினையும் ஒன்றுபோல இருக்கிறது என்பதாலேயே எனக்கு இதன்மீது கொஞ்சம் சந்தேகம் இருந்தது. விருந்தினர் ட்ரஸ்ஸலின் அம்மா, டெனீன் ஃபெண்டிக். உளவியலாளர். மார்பகப் புற்றுநோய் உடலெங்கும் பரவிய நிலையில், 2013-இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு மகனுடன் பேசிப் பதிவானது அந்த உரையாடல். அவன் பிறந்த கதையில் தொடங்குகிறார்கள். பேசப் பேச, திரையில் மகன் வளர்கிறான், அம்மா மூப்படைந்து இறக்கிறாள். பிறகு மகன் கருவுற்று அம்மாவைப் பெற்றெடுக்கிறான். அதன் பின் இருவரும் கோள்களாகி, ஒரு கருந்துளையை நோக்கிப் போகிறார்கள். ஏழு பகுதிகளாகக் குரலோடு ஒட்டாமல் திமிறிக்கொண்டிருந்த படம் இங்கேதான் முதல்முறையாகக் குரலின் கையைப் பிடிக்கிறது. என் கண்ணும் காதும் அதற்குள் சண்டையிட்டே பழகியிருந்தன. திடீரென்று சண்டை நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தன.

தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மா சாவைக் காட்டினால் யார்தான் அழமாட்டார்கள்? இது ஏமாற்று வேலை" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான் என்றாலும், சொன்னதில் நியாயம் இருக்கிறது. அழுகையை வைத்து ஒரு தொடரை எடைபோட்டால் மற்ற ஏழு பகுதிகளின் தள்ளாட்டம் மறந்துபோகும். பலருக்கு மறந்தும் போயிருக்கிறது. "என் வாழ்க்கையையே மாற்றிய தொடர்" என்று சொல்பவர்களிடம் மூன்றாம் பகுதியில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். ஆனால் அந்த அம்மாள் தன் குரல் பதிவாகிறது என்று தெரிந்தே பேசுகிறார். பதறுவது மகன்தான். அவர் ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வதுபோல, ஒன்றை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஏமாற்றுகிறவர்களுக்கு அந்த நிதானம் வராது. இரண்டாவது பருவம் இல்லை என்று 2022-இல் தெரியவந்தபோது பலரும் குமுறினார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்தக் குரலுக்குப் பிறகு கிளான்ஸி யாரைப் பேட்டி எடுக்க முடியும்?

தொழில் புத்தி போகாது. பார்த்து முடித்த இரவே, யாரும் கேட்காமல், எனக்காகவே அந்தப் பகுதிக்குத் தமிழ் வரிகள் எழுதிப் பார்த்தேன். பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு வந்தது. நிலையாமை என்ற சொல்லை நம் மொழி எத்தனையோ நூற்றாண்டுகளாகப் புழங்கி மெருகேற்றி வைத்திருக்கிறது. 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று வந்தால்தான் கை நிற்கும். நான் நின்றது வேறொரு இடத்தில். மகன் குரல் உடைந்து, இந்த வேதனையை என்ன செய்வது என்று கேட்கிறான். அம்மா இரண்டே சொல்லில் பதில் சொல்கிறார், அழு என்ற பொருளில். ஆங்கிலத்தில் அது கட்டளையும் இல்லை, ஆறுதலும் இல்லை.

'நீ அழு' என்று போட்டேன். அதட்டுவதுபோல் இருந்தது. 'நீ அழுவாய்' என்றால் ஜோசியம். 'அழத்தான் வேண்டும்' என்றால் தண்டனை. 'அழுதுகொள்' என்றால் எனக்கென்ன என்று கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. 'அழு கண்ணா' என்று எழுதி, உடனே அழித்தேன். அந்த அம்மாள் அப்படிக் குழைபவர் இல்லை. மூன்று நாள் அந்த வரி காலியாகவே கிடந்தது.

நான்காம் நாள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தத் தொடரையும் தெரியாது. "அம்மா, ஒரு அம்மா சாகக் கிடக்கிறாள். மகன் இதை எப்படித் தாங்குவேன் என்று கேட்கிறான். அவள் என்ன சொல்வாள்?" என்றேன்.

"சாகப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவனுக்கு?"

"அவனுக்கும் தெரியும்."

தலையணை உறையின் இரண்டு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு உதறு உதறினாள். "அழுதால் போயிற்று" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள்.

உள்ளே வந்து அந்த வரியில் தட்டினேன். இடைவெளியையும் சேர்த்துக் கணினி 16 என்று காட்டியது.