நான்கு அசமன்பாடுகளும் ஒரு வெற்று மூலையும்

எக்ஸ் + ஒய் ≤ 6, ஒய் ≥ எக்ஸ், ஒய் > 2எக்ஸ் − 3, எக்ஸ் ≥ 0. இந்த நான்கு அசமன்பாடுகளும் ஒருசேர உண்மையாகும் பகுதியைக் காண, நான்கையும் ஒரே வரைபடத்தாளில் கையால் வரைந்து முடித்தேன். செயலியில் தட்டினால் நொடியில் வந்துவிடும் படம்தான். ஆனால், கையால் வரைந்ததால்தான் ஒரு மூலை என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

முதல் கோடு எளிது. எக்ஸுக்கு 0 இட்டால் ஒய் 6. ஒய்க்கு 0 இட்டால் எக்ஸ் 6. சமக்குறியும் சேர்ந்திருப்பதால் தொடர்கோடு. ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)ஐ, இட்டுப் பார்த்தேன்: 0 ≤ 6, உண்மை. அந்தப் பக்கமே வேண்டிய பக்கம்.

இரண்டாவது கோடு ஆதிப்புள்ளி வழியாகவே செல்வதால் அந்தச் சோதனை அங்கே பயன்படாது. (4, 1) என்ற புள்ளியை எடுத்தேன். 1 ≥ 4 என்பது பொய், ஆகவே மறுபக்கம். மூன்றாவதில் சமக்குறி இல்லை, எனவே (0, −3), (3, 3) வழியாக விட்டுவிட்டு வரைந்த கோடு. நான்காவதற்குச் செங்குத்து அச்சே எல்லை.

நிழலிடுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேண்டிய பகுதிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிழலிட்டால் தாள் கருத்துப்போய் எதுவும் புரியாது. அதனால் வேண்டாத பக்கங்களையே மெல்லிய சாய்கோடுகளால் அடித்துவிடுவேன். எஞ்சும் வெள்ளைதான் தீர்வு. பலர் இதற்கு நேர்மாறாகச் செய்வதால், எது தீர்வுப் பகுதி என்பதைப் படத்திலேயே எழுதிவிடுவது அவசியம்.

எஞ்சியது (0, 0), (0, 6), (3, 3) ஆகியவற்றை மூலைகளாகக் கொண்ட முக்கோணம். சாய்ந்த கோடுகள் மூன்றும் (3, 3)இல்தான் சந்திக்கின்றன! விட்டுவிட்டு வரைந்த கோடு முக்கோணத்தை அந்த ஒரு புள்ளியில் மட்டுமே தொடுகிறது. அதாவது, மூன்றாவது அசமன்பாடு பரப்பில் எதையும் குறைக்கவில்லை. ஒரே ஒரு மூலையை மட்டும் நீக்குகிறது. இட்டுப் பார்த்தேன்: 3 > 3, பொய். அங்கே வெற்று வட்டம் போட்டேன். மற்ற இரு மூலைகளும் நான்கு நிபந்தனைகளுக்கும் பொருந்துவதால் அவற்றுக்கு நிரப்பிய புள்ளிகள்.

சிறிய வட்டம்தான், ஆனால் அது விடையையே மாற்றிவிடுகிறது. இந்தப் பகுதியில் எக்ஸின் மீப்பெரு மதிப்பு என்ன என்று கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்பதே பதில். (2.99, 3) உள்ளே இருக்கிறது, (2.999, 3) இருக்கிறது, எக்ஸ் 3 ஆகும் புள்ளி மட்டும் இல்லை.